சைக்கிள்காரர் அடித்த மணி

நான் ஜாக்கெட் தைப்பதை லைவில் காட்டுகிறேன். லைவுக்குள் யாராவது வந்தால் போன் சைக்கிள் மணி போல ஒலிக்கும். இன்று அது ஒலித்தபோது என் கணவர் ஓர் அட்டையை நீட்டினார். ‘கிஃப்ட் அனுப்புங்க’ என்று பெரிதாக எழுதியிருந்தார்.

“இத்த காட்டிக்கினே தைய்யி. வாய வுட்டு கேட்டாதான் தருவாங்க.”

எனக்கு மடுகரை மைதானம் கண்முன் வந்தது. சிறுவயதில் அங்கே ஒருவர் கீழே இறங்காமல் நாள்கணக்கில் சைக்கிள் ஓட்டினார். குளியலும் சாப்பாடும் அதன்மேல்தான். பிடித்துப்போனவர்கள் அவர் சட்டையில் ரூபாய் நோட்டை ஊக்கால் குத்துவார்கள். அவருடைய கூட்டாளி மைக்கில் ஓயாமல் காசு கேட்டான்.

“உயிர எடுக்குறான், வாடி வூட்டுக்கு” என்று அப்பா என்னை இழுத்துக்கொண்டு நடந்தார்.

மறுநாள் அம்மாவையும் கூட்டிக்கொண்டு போனபோது மைக் செட் பழுதாகியிருந்தது. சைக்கிள்காரர் வருகிற ஒவ்வொருவருக்கும் மணி அடித்தார். முந்தின நாள் அப்பா யாரிடமோ பேசியது அவர் காதில் விழுந்திருக்க வேண்டும்.

“இன்னாண்ணே, கரும்பு வெட்ட ஆள் கெடச்சிதா?” என்று அப்பாவைக் கேட்டார்.

அப்பா இருட்டும்வரை நின்றார். கிளம்பும்போது, அம்மாவிடம் ஊக்கு கேட்டு வாங்கினார்.

போன் மறுபடி ஒலித்தது.

“வாங்கக்கா. நேத்து சொன்னீங்களே, கையிடுக்குல சுருக்கம் வுழுதுன்னு. இப்ப சரியா நிக்குதா?”

கேட்டுக்கொண்டே கணவரின் அட்டையைத் திருப்பிப் போட்டேன். அதில் கழுத்து வடிவத்தை வரைந்து, எல்லோரும் பார்க்கக் கத்தரித்தேன்.