கண்டக்டர் தட்டிய ஒரு தட்டு

சேதி வந்தபோது நான் அணைத் தண்ணீரின் நடுவில் இருந்தேன். படகு நிறையச் சனம். கரையில் டிக்கெட் கொடுக்கும் அம்மணி போனில் கூப்பிட்டு, “கண்டக்டர் போயிட்டாருங்களாமா. காலையில காப்பி குடிச்சுட்டு உக்காந்தவரு எந்திரிக்கவே இல்லீங்களாம்” என்றாள். சரிங்க அம்மணி என்று போனை மடியில் வைத்தேன். ஒரு தட்டு தட்டி நிறுத்தச் சொல்ல அவர் இல்லை. ஓட்டிக்கொண்டே போனேன்.

அவர் கும்பிட்ட கோயிலில் முப்பதாம் நாள் பூசைக்கு ஒரு நினைவு மலர் அச்சுப் போடுகிறார்கள். நீங்களும் நாலு வார்த்தை கொடுங்கள் என்று அவருடைய தங்கச்சி கேட்டார். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல மருமகள் எழுதுகிறாள். ஆரோக்கியசாமி என்ற அவர் பேர் உங்களுக்குத் தெரிந்திருக்கும். எங்கள் படகுத்துறையில் யாருக்கும் தெரியாது. எல்லாருக்கும் அவர் கண்டக்டர்தான்.

அக்கரைக் காட்டில் யானை தண்ணீர் குடிக்க இறங்கும். மணல் திட்டில் வெளிநாட்டுப் பறவைகள் வந்து தங்கும். கார் வண்டியெல்லாம் காட்டுக்குள் போகக்கூடாது என்று ஆனபிறகு, பார்க்க வருகிறவர்களுக்காகப் படகு விட்டார்கள். துறையில் ‘நீர் டாக்ஸி’ என்று பெரிய பலகை வைத்தார்கள். இந்தத் தண்ணீரில் பரிசல் போட்டே நரைத்தவன் நான். அதனால் ஓட்டுகிற வேலையை எனக்குக் கொடுத்தார்கள். ஆள் ஏற்றி இறக்கிக் கணக்குச் சொல்ல இவர் வந்து சேர்ந்தார். காந்திபுரம் டவுன் பஸ்ஸில் காலமெல்லாம் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். சம்சாரம் தவறிய பிறகு சத்தியமங்கலத்தில் தங்கச்சி வீட்டோடு வந்துவிட்டார். “சும்மா ஊட்டுல உக்காந்தா ஆளுக எறங்கற சத்தம் காதுல கேட்டுக்கிட்டே இருக்குதுங்க. அதான் வந்துபோட்டேன்” என்றார்.

பலகையைப் படித்துவிட்டு அவர் சொன்னதுதான் முதல் வழக்கு. “டாக்ஸின்னா காசிருக்கறவரு கதவச் சாத்திக்கிட்டுப் போறதுங்க. இத்தன பேரு ஏறுனா அது பஸ்ஸுங்க. பஸ்ஸுன்னா ஸ்டாப்பு வேணும்.”

முதல் நாள் படகு கிளம்பும்போது, பழக்க தோசத்தில் ரெண்டு விசில் கொடுத்துவிட்டார். திட்டில் இருந்த பறவை அத்தனையும் எழும்பி வானம் கறுத்துப் போனது. வந்தவர்கள் கை தட்டினார்கள். காவலுக்கு நின்ற ஆள் ஓடி வந்து, “ஏனுங்க, இதென்ன காந்திபுரம்னு நெனச்சீங்களா?” என்றார். “இல்லீங்க, அங்க விசிலடிச்சா காக்கா கூட எந்திரிக்காது” என்றார் கண்டக்டர். விசிலை அன்றைக்கே பையில் போட்டுவிட்டார். பிறகு உள்ளங்கையால் படகின் பக்கத்தில் தட்டுவார். ஒரு தட்டு நிற்க, ரெண்டு தட்டு போக.

எனக்கு அது பிடிக்கவில்லை. என் தண்ணீரில் எனக்கு ஒருத்தர் தட்டுவதா என்று முறைத்தேன். அவர் என்னிடம் வந்து, “ட்ரைவருங்க, கோவப்படாதீங்க. நீங்க முன்னால பாக்கோணும், நான் ஆளப் பாக்கோணும். தப்பான எடத்துல நின்னா ட்ரைவர யாரும் கேக்கக் கூடாது. தட்டுனவன்தான் பொறுப்பு” என்றார். அதுவரைக்கும் என்னை எல்லாரும் பரிசக்காரன் என்றுதான் கூப்பிட்டார்கள். ட்ரைவர் என்று சொன்ன முதல் ஆள் அவர். முறைப்பை அத்தோடு விட்டுவிட்டேன்.

போகிற வழியில், தண்ணீருக்கு அந்தப் பக்கம், மீன் பிடிக்கிற சனம் கொஞ்சம் வீடு போட்டிருக்கிறது. அவர்களுக்கு ரோடு கிடையாது. காடு சுற்றி நடக்க வேண்டும், இல்லை பரிசல். டாக்ஸி சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்கு மட்டும், வழியில் யாரையும் ஏற்றக்கூடாது என்பது ஆபீஸ் உத்தரவு. அந்தக் கரைக்கு ஒரு ஸ்டாப்பு கொடுங்கள் என்று கண்டக்டர் போய்ப் போய்க் கேட்டார். மேனேஜர் பார்க்கலாம் என்பார். பார்க்கவில்லை. ஆனால் ஒருநாள்கூட உத்தரவை மீறி அவர் அங்கே தட்டியதில்லை. “என்ற சர்வீசுல ஒரு மெமோ வாங்குனதில்லீங்க ட்ரைவர்” என்பது அவருக்குப் பெருமை.

ஒரு நாள் சாயங்காலம் கடைசி நடை. அந்தக் கரையில் சரசு நின்றுகொண்டிருந்தாள். என் அக்கா மகள், அங்கேதான் கட்டிக் கொடுத்திருக்கிறது. அவள் வீட்டுக்காரனை அன்று காலையில்தான் சத்தி ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். கையைத் தூக்கினாள். நான் யோசிக்கவே இல்லை, படகைத் திருப்பிவிட்டேன். கண்டக்டர் என்னைத் திரும்பிப் பார்த்தார். கரையைப் பார்த்தார். அப்புறம் ஒரு தட்டு தட்டினார். படகில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி ஓங்கித் தட்டினார்.

முதலில் திருப்பியது நான். அவர் தட்டியது அதற்குப் பிறகு. இதைத் தெரிந்தவர்கள் ரெண்டே பேர். இப்போது நான் ஒருத்தன்.

கோயமுத்தூர் ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று படகில் இருந்த ஒருத்தர் புகார் கொடுத்தார். மேனேஜர் எங்கள் ரெண்டு பேரையும் நிறுத்தி, யார் நிறுத்தினது என்று கேட்டார். கண்டக்டர் வாய் திறக்குமுன் நான் திறந்தேன். “அவரு தட்டுனாருங்க, நான் நிறுத்துனேன்.” அதில் பொய் ஒன்றும் இல்லை. அவர் எனக்குச் சொல்லிக் கொடுத்த சட்டம்தான். அவர் தலையை ஆட்டி, “ஆமாங்க, தட்டுனவன் நாந்தான்” என்றார். மறுநாளிலிருந்து அவரை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். ஆர்டரை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு போனார். என்னிடம், “மழ மேகம் கட்டுது, பாத்து ஓட்டுங்க ட்ரைவர்” என்றார்.

அதற்குப் பிறகு ஒரேயொரு தடவை சத்தியமங்கலம் பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். போகிற பஸ்ஸையும் வருகிற பஸ்ஸையும் பார்த்துக்கொண்டு சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். டீ வாங்கிக் கொடுத்தார்.

“வண்டி எப்படிங்க ஓடுது ட்ரைவர்?”

“ஓடுதுங்க.”

“சரசு ஊட்டுக்காரரு?”

“எந்திரிச்சு நடக்கறானுங்க. கண்டக்டர், அன்னைக்கு நான்...”

“டீ ஆறுதுங்க, குடிங்க” என்றார். குடித்தேன். சொல்லாமலே பஸ் ஏறிவிட்டேன். அவர் எழுந்து வந்து அந்த பஸ்ஸின் பக்கத்தில் ரெண்டு தட்டு தட்டி அனுப்பினார்.

அவரை அடக்கம் பண்ணிய மறுநாள் மேனேஜரிடம் போய், திருப்பியது நான்தான் என்று சொன்னேன். “அதயெல்லாம் இப்ப எதுக்குங்க பெரியவரே. அவரே நாந்தான்னு ஒத்துக்கிட்டாரு, ஆளும் போயிட்டாரு” என்றார். நான் இறக்கி வைக்கப் போன சுமையை வாங்க அங்கே ஆள் இல்லை. அதனால்தான் அவரைத் தெரிந்த உங்களிடம் சொல்கிறேன். அவர் மெமோ வாங்காத மனுசன். அந்த ஒன்று என்னுடையது.

போன வாரம் கடைசி நடையில் வரும்போது, அதே கரையில் ஒரு கிழவனும் கிழவியும் மூட்டையோடு நின்றார்கள். எனக்கு உறவில்லை. இன்னும் அங்கே ஸ்டாப்பும் கொடுக்கவில்லை. இன்ஜினை அடக்கினேன். இடது கையால் படகின் பக்கத்தில் ஓங்கி ஒரு தட்டு தட்டினேன். ஏறியிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். “தட்டுனது நாந்தானுங்க. யாராச்சும் கேட்டா அப்படியே சொல்லுங்க” என்றேன்.

கண்டக்டரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது இந்த ஒரு தட்டுதான். அதைத் தட்டிய பிறகுதான் படகைத் திருப்பினேன்.