விண் பூட்டாத பட்டம்

1995 நவம்பர் முதலாம் திகதி. ஹம்பேர்க்கில் ஓர் உணவகத்தின் குசினியில் நான் கோப்பை கழுவிக்கொண்டிருந்த காலம். ஊரில் கணக்கு வாத்தியாராக இருந்தவன். பிள்ளைகள்தான் என் சொல் கேட்பதில்லை என்று நினைத்திருந்தேன். இங்கே கோப்பைகளும் கேட்கவில்லை, நழுவி விழுந்துகொண்டே இருந்தன.

பக்கத்தில் நின்று மரக்கறி வெட்டியவள் குவாத்தமாலா நாட்டுக்காரி, என் வயதுதான் இருக்கும். எங்கள் இருவருடைய ஜெர்மனையும் சேர்த்தாலும் ஒரு முழு ஆள் பேசத் தேறாது. ஆனாலும் அவள் கதை எனக்கு விளங்கியது. எண்பதுகளின் தொடக்கத்தில் மலையில் இருந்த அவர்களுடைய கிராமத்தை ஆமி கொளுத்தியது. தம்பியை ஜீப்பில் ஏற்றியது. அதற்குப் பிறகு ஆளும் இல்லை, உடலும் இல்லை.

அவர்கள் பக்கத்தில் நவம்பர் முதலாம் திகதி, சகல புனிதர் திருநாளன்று சுடலையில் நின்று பட்டம் ஏற்றுவார்களாம். இறந்தவர்கள் அதைப் பார்த்து இறங்கி வருவார்களாம். விளிம்பில் ஒட்டிய காகிதம் காற்றில் இரைந்து கெட்ட ஆவிகளைத் துரத்துமாம். நான் விடுவேனா? எங்கள் ஊரில் பட்டத்தின் உச்சியில் வில்லுக் கட்டி, நாடா பூட்டுவோம், அதுதான் விண், ஊரே அதிர இரையும் என்று அளந்துவிட்டேன்.

அவள் சிரிக்கவில்லை. சத்தமே போடாத பட்டம் ஒன்று கட்டித் தர முடியுமா என்று கேட்டாள். ஊரில் இருக்கும் தாய்க்குக் கடும் சுகயீனம். மகனுக்கு மெழுகுதிரி கொளுத்துவதா, காத்திருப்பதா என்று கண் மூடுமுன் தெரிய வேண்டுமாம். அவன் பெயரைச் சொல்லி ஊமைப் பட்டம் ஏற்று, அது ஊமையாகவே இருந்தால் பிள்ளை உயிரோடு இருக்கிறான், இரைந்தால் இல்லை என்று தாய் தொலைபேசியில் சொன்னாராம்.

கட்டினேன். "நாப்பது வயசில பட்டம் ஏத்தப் போறியளோ? தெரிஞ்ச சனம் கண்டா என்னைத் தெரியாதெண்டு சொல்லுங்கோ" என்றாள் மனைவி.

திருநாளன்று பிற்பகல். எல்பே ஆற்றங்கரையில் முகில் தலையில் இடிக்கும் போல் கிடந்தது. பட்டம் ஏறி அதற்குள் போய் மறைந்தது. அவள் மேலே பார்த்துத் தம்பியின் பெயரைக் கூப்பிட்டாள். நாயோடு நடந்து வந்த ஒரு கிழவர் எங்களைத் தாண்டப் பார்த்தார். நாய் மணலில் குந்திவிட்டது, இழுத்தும் வரவில்லை.

காற்று நின்றது. உடனே மேலேயிருந்து ஒரு இரைச்சல் கேட்டது, வாயை மூடிக்கொண்டு யாரோ முனகுவதுபோல. விறைப்பாக இழுபட்டால் நூலும் இரையும் என்பது பட்டம் விட்ட எல்லோருக்கும் தெரியும். அதைச் சொல்ல வாயைத் திறந்தேன். அப்போதுதான் கையைப் பார்த்தேன். நூல் துணி காயப்போடும் கொடிபோலத் தொய்ந்து கிடந்தது.

"உனக்கும் கேக்குதா?" என்று ஜெர்மனில் கேட்டாள்.

இல்லை என்று சொல்லியிருக்கலாம். தாய் இன்னும் கொஞ்சக் காலம் காத்திருந்திருப்பார். ஆனால் நான் முடிவெடுக்குமுன் வாய் தமிழில் முந்திக்கொண்டது.

"ஓம்."

ஒரே குசினியில் வேலை செய்தவளுக்கு அந்தச் சொல்லுக்கு ஆம் என்று பொருள் எனத் தெரியும். அவள் அழவில்லை. பட்டத்தை இறக்கி, வந்தவன் திரும்பிப் போக வேண்டும் என்று மணலிலேயே எரித்தாள். அன்றிரவு தாய் மெழுகுதிரி கொளுத்தினாராம். விடியும்வரை நன்றாக நித்திரை கொண்டாராம்.

அடுத்த வருடக் கடைசியில் அங்கே சமாதானம் கையெழுத்தானது. ஆனாலும் இன்றுவரை எலும்புகளைத் தோண்டுகிறார்கள்; இளசுகள் பிழைப்புக்கு வடக்கே அமெரிக்காவை நோக்கி நடக்கிறார்கள். அவளுடைய தம்பி இன்னும் அகப்படவில்லை.

இங்குள்ள தமிழ்ப் பிள்ளைகளுக்கு நான் இப்போதும் பட்டம் கட்டிக் கொடுக்கிறேன், எல்லாமே விண் பூட்டியவை. ஊமைப் பட்டம் ஒன்று கட்ட மட்டும் கை வருவதில்லை, ஏனென்றால் என் அண்ணனும் தொண்ணூறில் வீட்டை விட்டுப் போனவர்தான், இன்றுவரை ஒரு செய்தியும் இல்லை, அவருக்காகக் காத்திருப்பதைக் கைவிட எனக்கு இன்னும் மனமில்லை.