அரை மாத்திரை

என் அக்காவைச் சோம்பேறி என்று சொன்ன வாய் புழுத்துப் போகட்டும் என்று சாபம் விட்டிருக்கிறேன். அதற்காக இன்றுவரை வருத்தப்பட்டதில்லை. சொன்னவள் அவளுடைய நாத்தனார், அதாவது மாமாவின் அக்கா. அந்த வீட்டில் எந்த ஜன்னலை எப்போது திறக்கலாம் என்பதைக்கூட அவள்தான் முடிவு செய்வாள். நான் அவளுக்கு வைத்த பெயர் கலெக்டரம்மா.

அக்கா ஆயத்த ஆடைக் கம்பெனியில் துணி வெட்டுகிறவள். மேசையில் அடுக்கடுக்காகப் போட்ட துணியை மின்சாரக் கத்தியால் ஒரே ஓட்டமாக வெட்டி முடிப்பாள். கை பிசகினால் அந்த அடுக்கில் உள்ள அத்தனை சட்டையும் பாழ். நாள் முழுக்க நின்றே வேலை பார்த்தவளுக்குத் திடீரென்று கால் துவள ஆரம்பித்தது. கெண்டைக்கால் இழுத்துப் பிடித்தது. ஒரு நாள் கத்தி ஓடும்போதே கை சோர்ந்து அடுக்கு முழுக்கக் கோணிப் போனது. உடம்பு தேறிய பிறகு வந்தால் போதும் என்று மேனேஜர் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்.

எல்லாம் நடிப்பு என்றாள் கலெக்டரம்மா. வேலைக்கும் போகாமல் வீட்டிலும் குனிந்து நிமிராமல் இருக்க அக்கா கண்டுபிடித்த வழியாம். இத்தனைக்கும் தினமும் காலையில் அவளே எலுமிச்சைத் தண்ணீர் கலந்து அக்காவுக்குக் கொடுப்பாள், உடம்பு இளைக்குமாம். நாத்தனார் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று அக்கம்பக்கத்தில் மெச்சிக்கொண்டார்கள்.

மாமா கெட்டவர் இல்லை, எடுப்பார் கைப்பிள்ளை. அக்கா அம்மா வீட்டில் போய்ப் படுத்துக்கொள்ளட்டும், பள்ளிக்கூடம் இருப்பதால் குழந்தை இங்கேயே அத்தையிடம் இருக்கட்டும் என்று தமக்கை சொன்னதற்குத் தலையாட்டிவிட்டார். மகளைப் பிரிக்கப் போகிறார்கள் என்று தெரிந்ததும்தான் அக்கா உடைந்து அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை, வயிறுதான் எரிந்தது. அவளை டாக்டரம்மாவிடம் இழுத்துக்கொண்டு போனேன்.

ரத்தத்தில் பொட்டாசியம் ரொம்பக் குறைவு என்று வந்தது. அது குறைந்தால் தசைக்கு வலு இருக்காது, இன்னும் இறங்கினால் இதயமே தடுமாறும் என்றார் டாக்டரம்மா. வாந்தி, பேதி, ஏதாவது மாத்திரை என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். எதுவும் இல்லை என்றாள் அக்கா. அப்படியானால் அது எந்த வழியாக வெளியே போகிறது என்று சிறுநீரில்தான் பார்க்க வேண்டும். ஒரு பெரிய கேன் கொடுத்தார். காலையில் எழுந்ததும் முதலில் போவதைக் கொட்டிவிட வேண்டும், அது முந்தின இரவின் கணக்கு. அதன் பிறகு போவதையெல்லாம், மறுநாள் காலை முதல் சிறுநீர் உட்பட, ஒரு சொட்டு விடாமல் கேனில் சேர்க்க வேண்டும்.

மறுநாள் அக்கா முதலாவதைக் கொட்டியதைக் கலெக்டரம்மா பார்த்துவிட்டாள். அவ்வளவுதான். குட்டு உடைந்துவிடும் என்று பயந்து கொட்டுகிறாள் பார் என்று தெரு முழுக்கத் தண்டோரா. முடிவு சொல்லும் நாளில் டாக்டரிடம் தானே இதைச் சொல்வேன் என்று மாமாவையும் கிளப்பிக்கொண்டு வந்தாள். வரட்டும் என்று இருந்துவிட்டேன்.

உட்காரும் முன்பே புகார் வைத்தாள். கொட்டச் சொன்னதே தான்தான் என்றார் டாக்டரம்மா. எனக்கு வயிறு குளிர்ந்தது. பிறகு மாமாவைப் பார்த்து விளக்கினார். "தண்ணித் தட்டுப்பாடு இருக்கிற வீட்ல யாரும் குழாயைத் திறந்து விட்டுட்டுப் போக மாட்டாங்க. உடம்புல பொட்டாசியம் கம்மியா இருந்தா சிறுநீரகம் அதை இறுக்கிப் பிடிச்சுக்கணும். இவங்களுக்கு அப்படியே கொட்டுது."

வேறு கோளாறாகவும் இருக்கலாம், ஆனால் கால் வீக்கத்துக்குப் போடும் நீர் மாத்திரையால்தான் பெரும்பாலும் இப்படி ஆகும் என்றார். அக்கா தன் மகள் மேல் சத்தியம் செய்தாள், எந்த மாத்திரையையும் தொட்டதில்லை என்று. டாக்டரம்மா நம்பவில்லை. "தினம் ரெண்டு மூணு முழுங்கினாக்கூட ஆச்சரியம் இல்லம்மா."

"ரெண்டு மூணா? அரைதானே..." என்றாள் கலெக்டரம்மா.

தவளை தன் வாயால் கெட்டது. கால் வீக்கத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவள் அந்த வீட்டில் அவள் ஒருத்திதான். வாங்கித் தருகிறவர் மாமா. அவர் முகத்தில் ஈயாடவில்லை.

"எலுமிச்சைத் தண்ணிலயா அண்ணி?" என்று அக்கா மெதுவாகக் கேட்டாள்.

உடம்பு இளைக்கட்டும் என்றுதான் போட்டேன் என்று உளறினாள். அடிப்பாவி, இளைக்கத்தான் போட்டாய் என்றால் துவண்டு விழுந்தவளை நடிக்கிறாள் என்று ஏன் சொன்னாய் என்று கேட்டேன். வீட்டில் தன் சொல் மட்டுமே நடக்க வேண்டும், அதற்கு அக்கா இருக்கக் கூடாது, குழந்தை மட்டும் வேண்டும். இதைச் சொல்ல அவளுக்கு வாய் வருமா?

போலீசுக்குப் போக வேண்டும் என்றேன் நான். மாமாவோ அவளை உறவுக்காரர் வீட்டில் விட்டுவிடுவதாகச் சொன்னார். அக்கா இரண்டையும் மறுத்துவிட்டாள். அண்ணி இங்கேயே இருக்கட்டும், இனிமேல் சமையல் மட்டும் தன்னுடையது என்றாள். மாமா கண் கலங்கி அவள் பெரிய மனசைப் புகழ்ந்தார். அக்காவை இளிச்சவாய் என்று திட்டிவிட்டு நான் வந்துவிட்டேன்.

அக்கா உடம்பு தேறி, வேலைக்குத் திரும்பிய பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிடப் போனேன். எல்லோருக்கும் ஒரே பாத்திரத்திலிருந்து பரிமாறினாள். கலெக்டரம்மாவுக்கு மட்டும் தனியாக ஒரு சின்னக் கிண்ணம்.

"உங்களுக்குத் தனியா எடுத்து வச்சிருக்கேன் அண்ணி," என்று எதிரில் உட்கார்ந்துகொண்டாள்.

கலெக்டரம்மா பாதியாக இளைத்திருந்தாள். கிண்ணத்தைக் கிளறிப் பார்த்தாள், முகர்ந்தாள், தம்பியைப் பார்த்தாள். அவர் தலை நிமிரவில்லை. ஒவ்வொரு வாயாக விழுங்கினாள். கடைசி வாய் வரை அக்கா எழுந்திருக்கவில்லை.

சமையலறைக்குள் போய் அவள் கையைப் பிடித்தேன். "அதுல என்னடி போடுற?"

"ஒன்னும் போடல," என்றாள் அக்கா. "அது அவங்களுக்குத் தெரிய வேண்டாம்."