கேட்காமல் காட்டிய படம்

கனடாவில் தன்பாலீர்ப்பாளர் உரிமை ஊர்வலம். பழவேற்காட்டு மீனவக் குப்பத்தில் நானும் அவனும் தோளில் கைபோட்டு நின்ற பழைய படத்தை உயர்த்திப் பிடித்து, "இவன்தான் என் முதல் காதலன்" என்று மைக்கில் சொன்னேன். எல்லோரும் கைதட்டினார்கள். அந்த வீடியோ குப்பத்துக்கும் போகும் என்று நான் யோசிக்கவே இல்லை.

அடுத்த வருஷம் ஊருக்குப் போனேன். ஏரியில் இடுப்பளவு தண்ணீரில் அவன் தனியாக வலை வீசிக்கொண்டிருந்தான்.

"கடலுக்குப் போகலையாடா?"

"எவனும் என்னை போட்ல ஏத்தல. கடலுக்கு நாலு பேர் வோணும். ஏரிக்கு ஒருத்தன் போதும்."

"மன்னிச்சுடுடா."

"நீ இன்னா பொய்யா சொன்னே?" வலையை உதறினான். "என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் இல்ல?"

கனடா திரும்பியபின், இதை எழுதட்டுமா என்று இந்த முறை அவனுக்குச் செய்தி அனுப்பிக் கேட்டேன். மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது.

"எழுது. பேரு மட்டும் வோணாம்."