ஹாம்ஸ்டருக்குக் கட்டிய வீடு

செங்கம் ரோட்டில் எங்கள் வீட்டு மாடியில் மூன்று அறைகள். சீசனில் ஆசிரமத்துக்கு வரும் வெளிநாட்டுக்காரர்கள் வாடகைக்குத் தங்குவார்கள். வெயில் ஏறியதும் அவர்கள் கிளம்பிவிட, நானும் அம்மாவும் மட்டும் மிஞ்சுவோம். அப்பா மஸ்கட்டில். வெள்ளிக்கிழமை அவர் போன் செய்தால் அம்மா, "நல்லா இருக்கோம்" என்று சொல்லிவிட்டு என்னிடம் கொடுத்துவிடுவாள். மற்றபடி பள்ளி விட்டு வந்தால் எனக்குப் பேச ஆளே கிடையாது.

ஐந்தாவது படிக்கும்போது அம்மாவின் தம்பி, சென்னை மாமா, எனக்குத் துணைக்கென்று ஒரு ஹாம்ஸ்டரைக் கொண்டுவந்தார். கைக்குள் அடங்கும் வெளிநாட்டு எலி.

"ஊர்ல இருக்கிற எலி போதாதுன்னு காசு குடுத்து வேற வாங்கினு வந்தியா?" என்று முகத்தைச் சுளித்துக்கொண்டு அம்மா மாடிக்குப் போய்விட்டாள்.

மாமா என்னிடம் மட்டும் சொன்னார். "இதுக்கு வெயில் ஆவாது. தனியாத்தான் இருக்கும், ஜோடி சேக்காத. இனிப்ப கண்ணுல காட்டாத. கன்னத்துல அடைச்சு வச்சிக்கும், சீழ் புடிச்சிடும்."

பெரிய பங்களா கட்டுகிற நினைப்பில் வேலையில் இறங்கினேன். பழைய பிளாஸ்டிக் தொட்டியில், கீழ்பென்னாத்தூர் பெரியப்பா வீட்டிலிருந்து வந்த வேர்க்கடலைத் தோலைப் பரப்பினேன். சின்ன மண்பானையைப் படுக்கவைத்து ஈரத்துணி சுற்றினேன். எங்கள் வீட்டிலேயே குளிர்ச்சியான இடம் அதுதான். பகலெல்லாம் அதற்குள் சுருண்டு தூங்குவதை எழுப்பி எழுப்பிக் கதை சொல்வேன். மாமா சொன்னதையெல்லாம் அம்மாவிடம் நான் சொல்லவில்லை. அது என்னுடையது, அவளுக்கு எதற்கு?

ஒருநாள் பள்ளி சீக்கிரம் விட்டுவிட்டார்கள். வந்து பார்த்தால் அம்மா தொட்டிப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, "இந்த வருஷம் சீசன்லயே ரூமுக்கு சரியா ஆள் வரல. அவருகிட்ட சொன்னா கவலப்படுவாரு" என்று பானையைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் சட்டென்று எழுந்துவிட்டாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வெறும் பொறாமைதான், வேறென்ன? தொட்டியை என் அறைக்குத் தூக்கிப்போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

விநாயகர் சதுர்த்தி வந்தது. பிள்ளையார் வாகனம் வீட்டில் இருக்க, அதற்குக் கொடுக்காமல் நாம் மட்டும் சாப்பிடுவதாவது என்று அம்மாவுக்குத் தோன்றியிருக்கிறது. நான் குளிக்கப் போன நேரத்தில் அம்மா ஒரு வெல்லக் கொழுக்கட்டையை உள்ளே வைத்துவிட்டாள். நாலு நாளில் கன்னம் வீங்கிவிட்டது. மாட்டு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். டாக்டர் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, நாள் கடந்துவிட்டது என்றார். ஆறாம் நாள் பானைக்குள்ளேயே விறைத்துக் கிடந்தது.

"நீதான் கொன்னுட்ட" என்று அழுதேன். இனிப்பு கூடாது என்று மாமா சொன்னதை மறைத்தது நான்தான் என்பதை மட்டும் அவளிடம் சொல்லவில்லை.

தொட்டியைக் கழுவி மாடியில் கவிழ்த்தேன். பானையை மட்டும் அம்மா எடுத்து வைத்துக்கொண்டாள். இரண்டு வாரம் கழித்துக் காய் நறுக்கியபடியே கேட்டாள்.

"மாமாகிட்ட இன்னொண்ணு வாங்கினு வரச் சொல்லட்டுமா?"

"எனக்கு ஒண்ணும் வேணாம்" என்றேன், எனக்காகத்தான் கேட்கிறாள் என்று நினைத்துக்கொண்டு.