வரப்பு தெரியாத தண்ணீர்

ஆழ்துளைக் கிணற்றில் மோட்டாரை இறக்குவதும் ஏற்றுவதும்தான் அவர் தொழில். பெயரைச் சொன்னால் ஒருவருக்கும் தெரியாது. மோட்டார்க்காரர் என்றால் கைக்குழந்தைகூட வீட்டைக் காட்டும். யார் தோட்டத்தில் எத்தனையாவது அடியில் ஊற்று என்பது அவருக்குத் தலைகீழ்ப் பாடம். பிள்ளைகளின் பிறந்த தேதியைக் கேட்டால் மட்டும் மனைவியின் முகத்தைப் பார்ப்பார்.

ஊரார் கிணற்றுக்கெல்லாம் வைத்தியம் பார்த்தவரின் சொந்தக் கிணறு இரண்டு வருடமாக இருமிக்கொண்டிருந்தது. மோட்டாரைப் போட்டால் கால் மணி நேரம் தண்ணீர், அப்புறம் வெறும் காற்று. அதை நம்பி முப்பத்திரண்டு எலுமிச்சை மரங்கள் நின்றன. நாலு வருடம் புருஷனும் பெண்டாட்டியும் பிள்ளையைப் போல வளர்த்தவை. வருகிற கோடையைத் தாண்டிவிட்டால் முதல் காய்ப்பு. தாண்ட வேண்டுமே!

யோசனை மனைவியுடையது. "மழைத் தண்ணியெல்லாம் நம்ம நிலத்துல ஓடி ரோட்டுக்குப் போகுது. அதைப் பிடிச்சு கிணத்துக்குள்ள விட்டா என்ன?"

கிணற்றுக் குழாயைச் சுற்றிப் பத்தடிக்குப் பத்தடி குழி. இருவருமாகப் பதினெட்டு நாள் தோண்டினார்கள். குழாயில் துளை போட்டு நைலான் வலை சுற்றி, அடியில் பெருங்கல், அதன்மேல் ஜல்லி, கரி, கடைசியாக மணல். ஓடிவரும் தண்ணீர் சேற்றை விட்டுவிட்டுத் தெளிந்து வர, முன்னால் ஒரு சின்னக் குழி வேறு.

வரப்புக்கு அந்தப் பக்கம் மனைவியின் தம்பி தோட்டம். மாமனார் நிலத்தைப் பிரித்தபோது அக்காவுக்குப் பாதி, தம்பிக்குப் பாதி. அவன் வரப்பில் நின்று சிரித்தான். "என்ன மாமா, மோட்டாரைப் புதைக்கப் போறீங்களா?"

அவர் பதிலுக்குச் சிரிக்கவில்லை. அவருக்கு ஒன்று தெரியும். இரண்டு கிணற்றுக்கும் இருநூற்று இருபதாவது அடியில் ஒரே ஊற்று. மச்சான் கிணறு அறுநூறு அடி. இவருடையது அதில் பாதிகூட இல்லை. இங்கே ஊற்றுவதை அங்கே உறிஞ்சலாம். சொன்னால் மனைவி மண்வெட்டியைக் கீழே போட்டுவிடுவாள் என்று பயந்து வாயை மூடிக்கொண்டார்.

ஆடியிலேயே மழை வந்தது. ஐந்து நாள் விடாமல் கொட்டியது. குழி மடக் மடக்கென்று குடித்தது. தண்ணீர் மட்டம் பார்க்க மனைவியிடம் கல் கட்டிய நூல் ஒன்று உண்டு. பத்தடிக்கு ஒரு முடிச்சு, மொத்தம் இருபத்தாறு, அதற்குக் கீழே மோட்டார். முன்பெல்லாம் கடைசி முடிச்சுதான் நனையும். அன்று நூலை இழுத்தவள் ஓடி வந்தாள்.

"இங்க பாருங்க, பதினாலாவது முடிச்சுலேயே ஈரம்!"

அவருக்கு அழுகை வந்துவிட்டது. மறைக்கவும் இல்லை.

மச்சான் கிணற்றிலும் தண்ணீர் ஏறியது. மனிதன் சும்மா இருப்பானா? அறுநூறு வாழை வைத்தான். வாழை குடிப்பதைப் பார்த்தால் யானை வெட்கப்படும். கோடை பிறக்குமுன்னே இரண்டு கிணறும் இறங்கத் தொடங்கின. ஒருநாள் காலை அவன் வாசலில் வந்து நின்றான்.

"மாமா, மோட்டாரை இன்னும் இருநூறு அடி எறக்கணும். குலை தள்ளுற நேரம். கருகிப் போச்சுன்னா நான் நடுத்தெருதான்."

"கொஞ்சம் பொறு மச்சான். ரெண்டு பேரும் மாத்தி மாத்தி ஓட்டிப் பாப்போம்."

"வாழை பொறுக்குமா மாமா? நீங்க வரலேன்னா வேற ஆளைத்தான் கூப்பிடணும். அவன் கையில குழாய் நழுவுனா கிணறே போச்சு. உங்க கைய நம்பித்தான் வந்தேன்."

பின்னாலிருந்து மனைவி சொன்னாள்: "போய் எறக்கிக் குடுங்க. தம்பி பொழப்பு கெடணுமா?"

ஒரே ஊற்று என்று அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொல்லி என்ன ஆகிவிடப் போகிறது? வேறு ஆள் வந்து இறக்குவான். அக்காவும் தம்பியும் முகம் பார்க்காமல் போவார்கள். தண்ணீரும் போகும். தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு.

முக்காலி நட்டு, சங்கிலியில் மோட்டாரைத் தொங்கவிட்டு, இருபதடிக் குழாய் பத்தைக் கூடுதலாக மாட்டினார். நடுவில் ஒரு கெட்ட எண்ணம் வந்தது. கேபிள் இணைப்பில் டேப்பை ஒரு சுற்று குறைத்தால் ஒரே வாரத்தில் தண்ணீர் புகுந்து மோட்டார் புகைந்துவிடும். பாழாய்ப்போன கை கேட்கவில்லை. வழக்கத்தைவிட இரண்டு சுற்று அதிகமாகவே சுற்றிற்று.

சுவிட்சைப் போட்டதும் தண்ணீர் பீறிட்டது. மச்சான் அவர் கையைப் பிடித்துக்கொண்டான். "எல்லாம் நீங்க குழி தோண்டுன புண்ணியம் மாமா! குலை வெட்டுனதும் உங்க மரத்துக்கும் நானே தண்ணி விடுறேன்."

குலை வெட்ட மூன்று மாதம். எலுமிச்சை மூன்று வாரம் தாங்கினால் பெரிது.

பத்தாம் நாள் மனைவி நூலை இறக்கினாள். இருபத்தாறு முடிச்சும் உலர்ந்தே மேலே வந்தன. வரப்புக்கு அப்பால் தம்பியின் வாய்க்காலில் தண்ணீர் சலசலத்தது. அதைப் பார்த்தாள், குழியைப் பார்த்தாள், பிறகு அவரைப் பார்த்தாள்.

"ரெண்டும் ஒரே ஊத்தா?"

தலையாட்டினார்.

"குழி தோண்டும்போதே தெரியுமா?"

"தெரியும்."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். அவள் நூலைச் சுருட்டி அவர் கையில் வைத்தாள். வீட்டில் குடிக்க வைத்திருந்த குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு மரங்களுக்கு நடுவே போய் நின்றாள்.

"ஒரு மரத்துக்குத்தான் வரும். எதுக்கு ஊத்தட்டும்? நீங்களே சொல்லுங்க."