கைமணியும் ஒட்டகமும்

புதுக்கோட்டையிலிருந்து திருமயம் போகிற ரோட்டில், வெள்ளாற்றுப் பாலத்தின் மேல் நின்றுதான் இதை எழுதுகிறவன் சந்தனமேரியை முதன்முதலாகப் பார்த்தான். அவன் குடும்பத்தில் முதல் பட்டதாரி. அன்றுதான் சான்றிதழை லேமினேட் செய்து, மடங்கிவிடாமல் சட்டைக்குள் வைத்துக்கொண்டு பைக்கில் ஊர் திரும்பிக்கொண்டிருந்தான். கீழே ஆற்றில் சொட்டுத் தண்ணீர் இல்லை. உச்சி வெயிலில், நடு மணலில், சுடிதார் போட்ட ஒரு பெண் முதுகில் மூட்டையோடு ஓடிக்கொண்டிருந்தார். காரணமில்லாமல் யார் இப்படி ஓடுவார்கள்? பைக்கை நிறுத்திவிட்டு அவனும் சரிவில் இறங்கி ஓடினான்.

“என்னக்கா, யாரு தொரத்துறா?”

“ஒருத்தரும் தொரத்தல தம்பி. நீ பின்னாடியே வாரதுதான் இப்பத் தொரத்துற மாதிரி இருக்கு.”

“மூட்டையில என்னக்கா?”

“மணலு.”

“மணல்ல ஓடுறீங்க சரி. மணலையே தூக்கிக்கிட்டா?”

அவர் நின்றார். மூச்சு வாங்கவில்லை. “ராஜஸ்தான் பாலைவனத்துல அஞ்சு நாள் ஓட்டம். சோறு, துணி எல்லாம் அவங்கவங்கதான் தூக்கணும். அதுக்குப் பதிலா இங்க இது. ஈர மணலா ஊத்துத் தோண்டி அள்ளிக்கிடுவேன். ஓட ஓட வெயில்ல காஞ்சு லேசாயிரும். அங்கயும் திங்கத் திங்க லேசாயிரும்ல?”

சந்தனமேரி அன்னவாசலுக்குப் பக்கத்து ஊர் அங்கன்வாடியில் பணியாளர். நாற்பதைத் தாண்டிவிட்டார். கணவர் பிராங்க்ளின் குட்டியானை லோடு வண்டி ஓட்டுகிறார். காய்கறி, சிமெண்ட், கல்யாண வீட்டு நாற்காலி, எது கிடைத்தாலும் ஏற்றுவார். விடுமுறை நாளில் திருமயம் பக்கம் லோடு கிடைத்தால் மனைவியை ஆற்றில் இறக்கிவிட்டுப் போய், திரும்பும்போது ஏற்றிக்கொள்வார். “எல்லாரும் ஆத்துலேருந்து மணல் ஏத்துவான். நான் ஒருத்தந்தான் பொண்டாட்டிய ஏத்திக்கிட்டு வாரேன்” என்பது அவர் வழக்கமான பேச்சு.

ஓட்டத்துக்கு முன்னால் சந்தனமேரிக்கு நடை இருந்தது. ஒவ்வொரு வருஷமும் ஊரிலிருந்து வேளாங்கண்ணிக்குக் காவி உடுத்தி நடந்து போகிற கூட்டத்தில் அவரும் போவார். அவர் கல்யாணமாகி வந்த புதிதில், தஞ்சாவூர் தாண்டி ஒரு பெரியவர் பின்தங்கியதை யாரும் கவனிக்கவில்லை. சாயங்காலம் ஜெபத்துக்கு உட்கார்ந்தபோதுதான் ஆள் குறைவது தெரிந்தது. கூட்டமே திரும்பிப் போய்த் தேடியது. பெரியவர் ஒரு புளியமரத்தடியில் குழந்தையைப் போல அழுதுகொண்டிருந்தார். “பாதை தெரியாம இல்ல. எல்லாரும் என்னைய விட்டுட்டுப் போயிட்டீகளேன்னுதான்” என்றார்.

அந்த வருஷத்திலிருந்து கூட்டத்தில் ஒரு வழக்கம் உண்டானது. கடைசியில் நடக்கிறவர் கையில் ஒரு மணி இருக்கும். பூசையில் அடிப்பது போன்ற சின்னக் கைமணி. அந்தச் சத்தம் கேட்கிற வரைக்கும் முன்னால் போகிறவர்கள் நடப்பார்கள், கேட்காவிட்டால் நின்றுவிடுவார்கள். மணி பிடிக்கிறவருக்கு ஒரே ஒரு கட்டுப்பாடு. யாரையும் தாண்டக் கூடாது. நொண்டுகிறவர் நொண்டுகிற வேகம்தான் அவருக்கும். பிள்ளைகள் உட்கார்ந்தால் அவரும் நிற்க வேண்டும். மணியைச் சந்தனமேரி கேட்டு வாங்கவில்லை. யாரோ கையில் கொடுத்தார்கள்; திருப்பி வாங்க ஒருவருக்கும் தோன்றவில்லை. வருஷங்கள் அப்படியே போயின.

ஒரு நாள் மத்தியானம் அங்கன்வாடியில் பிள்ளைகள் பாயில் தூங்கிக்கொண்டிருந்தார்கள். மின்விசிறி மெல்லச் சுற்றியது. சந்தனமேரி சத்தத்தை அணைத்துவிட்டுப் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். மஞ்சள் மணல்மேட்டின் விளிம்பில் ஓர் ஆள் ஓடிக்கொண்டிருந்தது. ஆணா பெண்ணா தெரியவில்லை. முன்னால் யாரும் இல்லை, பின்னாலும் யாரும் இல்லை. காலடி பட்ட இடத்திலிருந்து மணல் புகைபோலச் சரிந்தது. பிள்ளைகளின் மூச்சுச் சத்தமும் அந்த ஓட்டமும் ஒன்றாகக் கலந்து, தூங்குகிறோமா விழித்திருக்கிறோமா என்றே அவருக்குத் தெரியவில்லை. ஒரு பிள்ளை எழுந்து “தண்ணி” என்று கேட்டபோதுதான் ஊருக்குத் திரும்பினார்.

அன்றிரவு சாப்பாட்டில் பிராங்க்ளினிடம் சொன்னார்.

“வேளாங்கண்ணிக்கு நடந்தாலாவது அங்க மாதா இருக்காங்க. அங்கிட்டுப் போயி யாரப் பாக்கப் போற? ஒட்டகத்தையா?”

“யாரையும் பாக்கப் போகல. எனக்கு என் வேகம் என்னன்னே தெரியலங்க. ஒரு தடவையாச்சும் என் வேகத்துல போய்ப் பாக்கணும்.”

பிராங்க்ளின் ரசத்தை ஊற்றிக்கொண்டார். “என் வண்டிக்கும் அதான் தெரியல. எப்பவும் லோடோடயே ஓடுது” என்றார். சம்மதம் கிடைத்துவிட்டது என்று சந்தனமேரி எடுத்துக்கொண்டார்.

திருச்சியில் ஓர் ஓட்டக் குழு அவரைச் சேர்த்துக்கொண்டது. இரண்டு வருஷம் பழகினார். அன்னவாசல் ரோட்டோரத் தைலமரக் காட்டில் விடியற்காலையில் ஓடினார். சித்தன்னவாசல் பாறைச் சூட்டில் ஏறி இறங்கினார். மற்றதெல்லாம் வெள்ளாறு. கால் புதைகிற மணலில் எப்படி அடி வைப்பது என்பதை அந்த ஆறு சொல்லிக்கொடுத்தது. ஷூவுக்குள் மணல் போகாமலிருக்க, கிழிந்த குடைத்துணியில் உறை தைத்து மாட்டிக்கொண்டார். தூக்கிப் போகச் சத்துமாவும் பொரிவிளங்காய் உருண்டையும் வறுத்த முந்திரியும் தயார் செய்தார். “அந்த உருண்டையக் கடிக்கிறதுக்கே தனியா ட்ரெய்னிங் எடுக்கணும்” என்றார் பிராங்க்ளின்.

ஓட்டத்தின் விதிமுறைகளைப் படித்துத் தமிழில் சொல்லும் வேலை, இதை எழுதுகிறவனுக்கு வந்தது. அவன் மிடுக்காகத்தான் சொன்னான். ஒவ்வொரு நாளும் குறித்த நேரத்துக்குள் முகாமுக்கு வந்துவிட வேண்டும். முதல் இரண்டு நாள் சமதரை. கொஞ்சம் தாமதமானாலும் விட்டுவிடுவார்கள். மூன்றாம் நாள் மணல்மேடுகள். அன்றுதான் நீண்ட தூரம். மருத்துவரின் ஜீப் அங்கே வராது. கடைசி ஆளோடு ஓர் ஒட்டகம் வரும். முடியாதவர்களையும் நேரம் தவறியவர்களையும் அதில் ஏற்றிக்கொண்டு வந்துவிடுவார்கள்.

“ஏறிட்டா?”

“ஏறிட்டா அதோட அவுட்டுக்கா.”

“ஒட்டகத்துல ஏறுனா ஒரு போட்டோ அனுப்பு. வாட்ஸப்ல வச்சுக்கிடுவோம்” என்றார் பிராங்க்ளின். சந்தனமேரி சிரிக்கவில்லை. அன்றைக்கே அந்த ஒட்டகம் அவர் கனவில் வர ஆரம்பித்துவிட்டது. வெள்ளாற்று மணலில் சத்தமே இல்லாமல் அவருக்குப் பின்னால் வரும். திரும்பிப் பார்த்தால் நிற்கும்.

ராஜஸ்தானில் முதல் நாள் காலை எல்லாரும் கிளம்பினார்கள். வானம் மிகப் பெரிதாக இருந்தது. சந்தனமேரி நன்றாகத்தான் ஓடினார். கொஞ்ச தூரத்தில் கோயம்புத்தூர்ப் பையன் ஒருவன், சேரன் என்று பெயர், கம்ப்யூட்டர் வேலையிலிருந்து வந்தவன், காலைப் பிடித்துக்கொண்டு நின்றான். மற்றவர்கள் அவனைத் தாண்டிப் போனார்கள். அவரும் தாண்டிவிட்டால் அவனுக்குப் பின்னால் யாரும் இல்லை. சந்தனமேரியின் கால் தானாக வேகம் குறைந்தது. ஏன் குறைகிறது என்று அவர் யோசிக்கவே இல்லை. மணி இல்லாத வலது கை தொடைப் பக்கத்தில் லேசாக ஆடிக்கொண்டிருந்தது. அவ்வளவுதான்.

அன்று சேரன் முகாமுக்கு வந்து சேர, அவனுக்குப் பின்னால் கடைசி ஆளாகச் சந்தனமேரி வந்தார். இரண்டாம் நாளும் அப்படியே. மருத்துவரின் ஜீப் எங்கோ தூரத்துப் பாதையில் போய்க்கொண்டிருந்தது. கண்ணில் படாத ஜீப்பை நம்பி ஆளை விட்டுவிட்டுப் போக அவருக்குக் கால் வரவில்லை. அன்று சாயங்காலம் அமைப்பாளர்கள் சொல்லிவிட்டார்கள்: நாளைக்கும் இந்த வேகம்தான் என்றால் ஒட்டகம்தான்.

முகாமில் ஒரு முள்மரத்தடியில் மட்டும் டவர் கிடைத்தது.

“எத்தனாவதா வந்த?” என்றார் பிராங்க்ளின்.

“கடைசி.”

“கால் வலியா?”

“கால்ல ஒண்ணுமில்லங்க. ஒரு பையன் பின்தங்கிட்டான். கோயம்புத்தூர்ப் பையன்.”

“அவன் ஒனக்கு மாமனா மச்சானா?”

“அவனத் தாண்டிட்டா, அவனுக்குப் பின்னாடி யாரு இருக்கா?”

அந்தப் பக்கம் வண்டியின் என்ஜின் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அது அணைந்தது. பிராங்க்ளின் ஓரமாக நிறுத்தியிருக்க வேண்டும்.

“மேரி, நீ என்ன வேளாங்கண்ணிக்கா போயிருக்க? என் வேகத்துல போய்ப் பாக்கணும்னு சொல்லிட்டுப் போன. இப்ப கோயம்புத்தூர் வேகத்துல போய்க்கிட்டு இருக்க.”

அது உண்மைதான் என்று சந்தனமேரிக்கும் தெரிந்தது.

மூன்றாம் நாள் மணல்மேடுகள் வந்தன. ஒன்றுக்குப் பின்னால் ஒன்றாக, மூச்சு விடுகிற ஏதோ ஒன்றின் விலாவைப் போலக் கிடந்தன. காலையில் ரோஜா நிறம், பிறகு மஞ்சள், அப்புறம் நிறமே இல்லை. காற்று மேட்டின் விளிம்பைச் சீவிச் சீவி எடுத்தது. இன்றைக்குச் சேரனைத் தாண்டிவிட வேண்டும் என்று சந்தனமேரி மனதுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தார். ஆனால் அவன் பக்கத்தில் வந்ததும் கால் இழுத்தது.

சேரனே திரும்பினான். “அக்கா, நீங்க போங்கக்கா. நீங்க பின்னாடி வர்றது எனக்கு டென்ஷனா இருக்குதுங்க.”

“நீ நட தம்பி. நான் வாரேன்.”

“நீங்க நிக்கறதால எனக்கு நிம்மதியா உக்காரக்கூட முடியலைங்கக்கா.”

“நீ உக்காரு. நான் அங்கிட்டுப் பாத்துக்கிட்டு நிக்கிறேன்.”

அவன் தலையில் கை வைத்துக்கொண்டு மணலில் உட்கார்ந்தான். சந்தனமேரி அங்கிட்டுப் பார்த்துக்கொண்டு நின்றார். வெயில் ஏறியது. முன்னால் ஓடியவர்களின் காலடித் தடங்களைக் காற்று ஒவ்வொன்றாக மூடிக்கொண்டு வந்தது. இன்னும் கொஞ்சம் நின்றால் போதும், இரண்டு வருஷத்து வெள்ளாறும் அந்தத் தடங்களோடு போய்விடும் என்று அவருக்குத் தெரிந்தது. தெரிந்தும் நின்றார்.

அப்போதுதான் மணிச் சத்தம் கேட்டது.

வேளாங்கண்ணிப் பாதை என்றுதான் முதலில் நினைத்தார். காவிச் சேலைகளும் மைக்கில் ஜெபமும் தண்ணீர்ப்பந்தலும் கண்ணுக்குள் வந்து போயின. கையைப் பார்த்தார். கையில் மணி இல்லை. சத்தம் பின்னாலிருந்து வந்தது. கனவில் திரும்புவது போலவே திரும்பினார்.

ஒட்டகம் மேட்டின் உச்சியில் நின்றுகொண்டிருந்தது. கழுத்தில் மணி. பக்கத்தில் சிவப்புத் தலைப்பாகைக்காரர் ஒருவர், கயிற்றைத் தளர விட்டுப் பிடித்திருந்தார். கிட்டே வரவில்லை, விரட்டவும் இல்லை. சேரன் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு அவரும் ஒட்டகத்தின் நிழலில் குந்திக்கொண்டார். சேரன் எழுந்து நாலடி நடந்தான். அவரும் எழுந்து நாலடி நடந்தார். சேரன் நின்றான். அவரும் நின்று, முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்.

அந்த முகத்திருப்பலைப் பார்த்ததும் சந்தனமேரிக்கு உடம்பெல்லாம் லேசாகிவிட்டது. பின்தங்குகிறவர் கூச்சப்படாமலிருக்க அவரும் அப்படித்தான் திருப்பிக்கொள்வார், இத்தனை வருஷமும். வரிசையின் கடைசி ஆள் தான் இல்லை. அந்த இடத்தில் ஏற்கனவே ஒருத்தர் நடந்துகொண்டிருக்கிறார்.

“தம்பி, ஒனக்குப் பின்னாடி ஆள் வருது” என்றார் சேரனிடம்.

“அதனாலதானுங்கக்கா நானும் உங்களப் போங்கன்னு சொல்லிட்டு இருக்கறேன்!”

“நான் போயிட்டு வாரேன் தம்பி.”

அவனைத் தாண்டினார். முதல் சில அடிகள் தப்புச் செய்வது போல இருந்தது. அடுத்த மேட்டில் ஏறும்போதும் மணிச் சத்தம் கேட்டது. அதற்கடுத்த மேட்டில் மெல்லியதாக. பிறகு கேட்கவில்லை. அவர் நிற்கவில்லை.

வழியில் ஒவ்வொருவராகத் தெரிந்தார்கள். தாண்டும்போதெல்லாம், தாண்டுவது மரியாதைக் குறைவாகப் பட்டதால், “போயிட்டு வாரேங்க” என்று சொல்லிக்கொண்டே தாண்டினார். யாருக்கும் புரியவில்லை. சிலர் கையசைத்தார்கள். ஒரு வெள்ளைக்காரர் நின்று கும்பிட்டார்.

அப்புறம் தாண்டுவதற்கும் யாரும் இல்லாத ஓர் இடம் வந்தது. முன்னால் மணல், பின்னால் மணல். மணல் மெல்ல ஓடுவது போலவும், தான் ஒரே இடத்தில் மிதப்பது போலவும் இருந்தது. வெள்ளாற்றில் ஒருநாள் தண்ணீர் வந்தால் இப்படித்தான் வரும் என்று நினைத்தார். மூச்சும் அடியும் ஒன்றுக்கொன்று கேட்காமலே சேர்ந்து போயின. இதுதானா என் வேகம் என்று தோன்றியது. அவ்வளவு ஒன்றும் பெரிய வேகம் இல்லை. அதிலேயே சாயங்காலம் வரைக்கும் ஓடினார். நேரத்துக்குள் முகாம் வந்துவிட்டது.

பொழுது சாயும்போது சேரன் ஒட்டகத்தின் மேல் உட்கார்ந்து வந்து சேர்ந்தான். ஓட்டத்திலிருந்து விலகியவன் மாதிரியே இல்லை. கல்யாண ஊர்வலத்தில் வருகிறவன் மாதிரிச் சிரித்தான். “அக்கா, போட்டோ எடுங்கக்கா!” என்று கத்தினான். சந்தனமேரி எடுத்தார். பிராங்க்ளினுக்கு அனுப்பினார். ‘ஒட்டகத்துல ஏறுனது யாரு?’ என்று பதில் வந்தது. ‘கோயம்புத்தூர்’ என்று அனுப்பினார்.

அந்தத் தலைப்பாகைக்காரரிடம் ஒரு பொரிவிளங்காய் உருண்டையைக் கொடுத்தார். மொழி தெரியாது. அவர் வாங்கிக் கடித்துப் பார்த்தார். கடிபடவில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு ஒட்டகத்திடம் நீட்டினார். அது தின்றது.

மீதி இரண்டு நாளையும் சந்தனமேரி ஓடி முடித்தார். முடித்தவர்களில் நடுவில் எங்கோ ஓர் இடம் கிடைத்தது. பதக்கத்தை அங்கன்வாடிப் பிள்ளைகள் ஆளுக்கொரு நாள் கழுத்தில் போட்டுக்கொண்டார்கள்.

சந்தனமேரி இப்போதும் அதே அங்கன்வாடியில் வேலை செய்கிறார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் வெள்ளாற்றில் ஓடுகிறார். இந்த வருஷம் வேளாங்கண்ணிக்கும் நடந்தார். மணியை ஊருக்கு ஊர் ஆள் மாற்றிப் பிடித்தார்கள். நாகப்பட்டினத்திலிருந்து கோயில் வரைக்கும் பிடித்தவர் பிராங்க்ளின்.